வார்த்த கையும் பார்த்த கண்ணும்

1789 ஆகஸ்ட் மாதம், உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற சிற்றூரில் வேலைக்கு வந்தது. நாற்பதடி நீளத்தில் ஓர் இரும்புக் குழாய். அதன் அடியில் 48 அங்குல விட்டமுள்ள உலோக ஆடி. குழாயைத் தூக்கிப் பிடிக்கவும் திருப்பவும் ஏறத்தாழ ஐம்பதடி உயரத்துக்கு மரச்சாரம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு தவணைகளில் 4,000 பவுண்டு கொடுத்திருந்தார். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதைக் கட்டிய வில்லியம் ஹெர்ஷல், அதன் பிறகும் வானத்தை ஆராய்ந்த இரவுகளில் பெரும்பாலானவற்றைப் பழைய இருபதடிக் கருவியோடுதான் கழித்தார். அதன் ஆடி 18.7 அங்குலம்தான்.

உலகின் மிகப் பெரிய கருவியை முற்றத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏன் சிறியதைத் தேடிப் போக வேண்டும்? பெரியதை அசைப்பது சிரமம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், அதைத் திருப்பவே கூலியாட்கள் இருவர் வேண்டும். ஆனால் காரணம் அதோடு முடிவதில்லை. நியூட்டன் காலத்திலிருந்து 1860-கள் வரையான ஆடித் தொலைநோக்கிகளின் வரலாற்றை ஆடியின் விட்டத்தை வைத்து எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது: ஆறு அங்குலம், பதினெட்டு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள். இந்த ஏணி முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்த இருநூறு ஆண்டுகளில் ஒரு கருவி பயன்பட்டதா, வீணானதா என்பதைத் தீர்மானித்தது, ஆடியை மெருகேற்றிய கையும் அதன் வழியே பார்த்த கண்ணும் எவ்வளவு அருகில் இருந்தன என்பதே. அதற்குக் காரணம் ஆடி செய்யப்பட்ட உலோகம்.

முதலில், உலோகத்துக்கு ஏன் போனார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி வில்லை ஒளியை வளைக்கும்போது நிறங்களையும் பிரித்துவிடும். நட்சத்திரத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஒரு விளிம்பு தெரியும். வில்லையின் வளைவைக் குறைத்துக் குழாயை நீட்டினால் இந்தக் குறை மட்டுப்படும் என்பதால் 17-ஆம் நூற்றாண்டில் குழாய்கள் நீண்டுகொண்டே போயின. டான்சிக் நகரத்து ஹெவிலியஸ் 150 அடி நீளத்தில் ஒன்றைக் கட்டினார். காற்றடித்தால் ஆடும் கருவி அது. ஆடியோ எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்கும். 1668-இல் நியூட்டன் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான உலோக ஆடியை வைத்து ஒரு சிறு கருவியைச் செய்தார். 1721-இல் ஜான் ஹாட்லி ஆறங்குல ஆடியோடு அதை உண்மையான ஆய்வுக் கருவியாக்கினார். 1758-இல் லண்டனின் ஜான் டாலண்ட் இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சி குறைந்த வில்லையைச் சந்தைக்குக் கொண்டுவந்தாலும், குறையில்லாத கண்ணாடித் தட்டு நான்கைந்து அங்குலத்துக்கு மேல் கிடைப்பது அரிதாக இருந்தது. பெரிய வாய் வேண்டுமென்றால் உலோகத்தைத் தவிர வேறு வழியில்லை.

அந்த உலோகத்துக்கு ஸ்பெகுலம் என்று பெயர். ஏறத்தாழ இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை. வெண்கலத்தின் உறவுதான், ஆனால் வெள்ளீயம் மிக அதிகம். சாதாரண வெண்கலம் மஞ்சளாக, அடிதாங்கும்படி இருக்கும். ஸ்பெகுலம் வெள்ளி போல வெளுத்து, எஃகைப் போலக் கடினமாக, கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மையோடு இருக்கும். கேரளத்தின் ஆரன்முளையில் இன்றும் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடியும் இதே விகிதத்தை ஒட்டிய கலவைதான். இரண்டு மரபுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. செம்பும் வெள்ளீயமும் எந்த விகிதத்தில் ஒளிரும் என்பதைக் கைத்தொழிலாளர் இரு வேறு இடங்களில் கண்டறிந்திருக்கிறார்கள்.

இந்த உலோகத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. புதிதாக மெருகேற்றிய நிலையிலேயே அது விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நியூட்டன் அமைப்பில் ஒளி இரண்டு ஆடிகளில் பட்டுத் திரும்புவதால் பாதிக்கும் மேல் கண்ணுக்கு வராமலே போய்விடும். இரண்டாவது குறை இன்னும் மோசம். ஈரக் காற்றில் உலோகம் மங்கும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பனி விழாத இரவு எத்தனை? ஆடி மங்கினால் மறுபடியும் மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது பரப்பு தேயும். தேய்ந்தால் அதன் வடிவம் கெடும்.

வடிவம் என்பது சாதாரண விஷயமில்லை. வில்லையின் பரப்பில் உள்ள ஒரு பிழை, ஒளியின் பாதையில் அதில் பாதி அளவுக்கே தெரியும். ஆடியின் பரப்பில் உள்ள அதே பிழையோ, ஒளி போய்த் திரும்புவதால் இரட்டிப்பாகும். ஆக, ஆடி செய்பவர் வில்லை செய்பவரைவிட நான்கு மடங்கு துல்லியத்தோடு வேலை செய்தாக வேண்டும். பரப்பு பரவளைய வடிவில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகாமல் இருக்க வேண்டும். அதை அளக்க அன்றைக்குக் கருவி எதுவும் கிடையாது. கீல் பூசிய மெருகுக் கட்டையை எந்த அழுத்தத்தில், எவ்வளவு தூரம், எத்தனை முறை ஓட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். ஆடி ஒவ்வொரு முறை மங்கியபோதும் இந்த வேலை முழுவதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டின் வானியலை இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாது.

ஹெர்ஷல் வானியலாளராகப் பிறந்தவரல்ல. ஜெர்மனியின் ஹானோவரில் 1738-இல் படைமுகாம் இசைக்கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1757-இல் இங்கிலாந்துக்கு வந்து, பாத் நகரத்தில் ஆக்டகன் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பவராக இருந்தார். 1773-இல், விலை கொடுத்து வாங்க முடியாத பெரிய கருவியைத் தானே செய்துகொள்வது என்று இறங்கினார். தங்கை கரோலினும் தம்பி அலெக்சாண்டரும் உடன் நின்றார்கள். வீட்டின் அறைகள் பட்டறைகளாயின. மெருகின் கடைசிக் கட்டத்தில் கையை எடுத்தால் ஆடி கெட்டுவிடும் என்று ஹெர்ஷல் நம்பினார். ஒருமுறை பதினாறு மணி நேரம் ஆடியைவிட்டு நகரவில்லை. அப்போது அவர் வாயில் உணவை ஊட்டிவிட்டதையும், அலுப்புத் தட்டாமலிருக்கக் கதைகளை உரக்கப் படித்துக் காட்டியதையும் கரோலின் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பாட்டுக் கச்சேரிக்கும் மாணவர்களுக்கும் நடுவே நடந்த வேலை இது.

1781 மார்ச் 13 அன்று இரவு, தாமே செய்த ஏழடிக் கருவியில், நட்சத்திரங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒன்று மட்டும் புள்ளியாக இல்லாமல் சிறு தட்டாகத் தெரிந்ததை அவர் கவனித்தார். அதுதான் யுரேனஸ். அந்த ஆடி 6.2 அங்குலம். அதைவிடப் பெரிய கருவிகள் ஐரோப்பாவில் அப்போதே இருந்தன. அதே பொருளை அதற்கு முன் பலர் நட்சத்திரம் என்று குறித்து வைத்துவிட்டு நகர்ந்தும் இருக்கிறார்கள். தட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அளவுக்கு அந்த ஆடியின் வடிவம் சரியாக இருந்தது. அதைக் கண்டுகொள்ளும் அளவுக்கு, அந்த ஆடி எப்போது பொய் சொல்லும், எப்போது சொல்லாது என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1781 ஆகஸ்டில் அவர் முப்பதடிக் கருவிக்காக 36 அங்குல ஆடி ஒன்றை வார்க்க முயன்றார். அச்சுக்குக் களிமண்ணோடு குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துச் சேர்த்தார்கள். குவியல் குவியலாகச் சாணம் இடிக்கும் வேலையில் கரோலினும் பங்கெடுத்தார். முதல் வார்ப்பு குளிரும்போது விரிசல் விட்டது. இரண்டாம் முறை உலையே ஒழுகியது. உருகிய உலோகம் கல் பாவிய தரையில் ஓடியது. சூட்டில் கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. ஹெர்ஷலும் தம்பியும் ஆட்களும் உயிர்தப்பி ஓடினார்கள். அந்த முயற்சி அத்தோடு கைவிடப்பட்டது. வானியல் வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவம் சுவையான துணுக்காகத்தான் இடம்பெறுகிறது. ஆனால் ஸ்பெகுலத்தை வார்ப்பது எவ்வளவு ஆபத்தான தொழில் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1783-இல் அவர் செய்துகொண்ட 18.7 அங்குல ஆடியுள்ள இருபதடிக் கருவிதான் அவருடைய உண்மையான வாழ்நாள் கருவி. அதைத் தெற்கு நோக்கி நிறுத்தி, மேலும் கீழும் அசைத்தபடி, வானம் தானாகச் சுழன்று முன்னால் நகர்ந்து வரும்படி விட்டுப் பட்டை பட்டையாக அலசினார். மேடைமேல் நின்றபடி அவர் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, கீழே சன்னலோரம் விளக்கும் கடிகாரமும் வைத்துக்கொண்டு கரோலின் எழுதிக்கொள்வார். 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பட்டியல்களில் நெபுலாக்கள் எனப்படும் மங்கிய ஒளித்திட்டுகளும் நட்சத்திரக் கூட்டங்களுமாக 2,500 பொருள்கள் அடங்கின. அவருக்கு முன் பாரிஸின் மெஸ்ஸியே தொகுத்திருந்தது நூறை ஒட்டியே. 1787-இல் கரோலினுக்கு மன்னர் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் நிர்ணயித்தார். இங்கிலாந்தில் வானியல் வேலைக்காக ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தரப்பட்டது அதுவே முதல்முறை.

ஆடியின் ஒளியிழப்பைக் குறைக்க அவர் கண்ட வழி எளிமையானது. குழாயின் நடுவே இருக்கும் இரண்டாவது சிற்றாடியை எடுத்துவிட்டார். பெரிய ஆடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு, குழாயின் வாய் ஓரத்தில் நின்று உள்ளே குனிந்து பார்த்தார். ஒரு எதிரொளிப்பு மிச்சமானது. 1787 ஜனவரியில் அப்படிப் பார்க்கத் தொடங்கிய சில நாட்களிலேயே யுரேனஸின் இரண்டு நிலவுகள் கண்ணில் பட்டன.

இப்போது நாற்பதடிக் கருவிக்குத் திரும்பலாம். அதன் முதல் ஆடி 1785-இல் லண்டனில் வார்க்கப்பட்டது. மெலிதாகப் போய்விட்டதால் வளைந்து கொடுத்தது. அடுத்தது குளிரும்போது விரிசல் விட்டது. மூன்றாவதுதான் தேறியது; எடை ஏறத்தாழ ஒரு டன். இதை ஒரு மனிதரால் மெருகேற்ற முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்களை அமர்த்தி, ஒவ்வொருவர் மேலங்கியிலும் ஒரு எண்ணை எழுதி, எண்ணைச் சொல்லி ஆணையிட்டு ஹெர்ஷல் வேலை வாங்கினார். பிறகு எந்திரம் ஒன்றையும் அமைத்தார். 1789 ஆகஸ்ட் 28 அன்று அதைச் சனிக்கோளின் பக்கம் திருப்பியபோது என்செலடஸ் என்ற நிலவு தெளிந்தது. செப்டம்பர் 17 அன்று மிமாஸ். எவ்வளவு பெரிய தொடக்கம்! ஆனால் அந்த ஆடி மங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு டன் உலோகத்தை இறக்கி, ஆட்களைக் கூட்டி, எந்திரத்தைப் பூட்டி வடிவத்தை மீட்க வேண்டும். இருபதடிக்கான ஆடியைத் தம் கையாலேயே புதுப்பித்துவிடலாம். ஒன்று கருவியில் இருக்கும்போது மற்றொன்று பட்டறையில் இருக்கும். 1795-க்குள் தாம் செய்தவற்றில் ஏழடிக்கு 200, பத்தடிக்கு 150, இருபதடிக்கு 80 ஆடிகள் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கையின் எல்லைக்குள் இருந்தது இருபதடி. நாற்பதடி அதற்கு வெளியே போய்விட்டது.

அவருடைய மகன் ஜான் ஹெர்ஷல் 1839-இல் உளுத்துப்போன அந்தச் சாரத்தைப் பிரிக்க முடிவு செய்தார். ஆண்டின் கடைசி இரவில் குடும்பமே கிடத்தப்பட்ட குழாய்க்குள் அமர்ந்து, அதற்கென எழுதிய பாடலைப் பாடி விடைகொடுத்தது. பிரிப்பதற்கு முன், அதே ஆண்டு செப்டம்பரில், ஜான் அதை ஒளிப்படம் எடுத்தார். கண்ணாடித் தட்டில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் அது ஒன்று.

ஹெர்ஷல் தம் மெருகேற்றும் முறையை வெளியிடவே இல்லை. தொலைநோக்கி விற்பனை அவருக்கு முக்கிய வருமானம். ஸ்பெயின் மன்னருக்கே ஓர் இருபத்தைந்தடிக் கருவி செய்து அனுப்பியிருக்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடித் தொலைநோக்கிகளை விற்ற ஜேம்ஸ் ஷார்ட், தம் கருவிகளை அழித்துவிடச் சொல்லிவிட்டு இறந்தார் என்பார்கள். ஆக, அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படிக் கண்டுபிடித்தவர் அயர்லாந்தின் நட்டநடுவில், பிர் கோட்டையில் வாழ்ந்த வில்லியம் பார்சன்ஸ். பிற்காலத்தில் மூன்றாம் ராஸ் பிரபு. அவர் செய்த முதல் நல்ல காரியம், தாம் கற்ற ஒவ்வொன்றையும், தோற்ற சோதனைகள் உட்பட, ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியது. மறைத்துவைப்பதால் ஒரு தலைமுறை எவ்வளவு இழக்கும் என்பதை அனுபவித்தவர் அவர்.

பிர் ஊரில் தொழிற்சாலை கிடையாது. தேர்ந்த தொழிலாளிகளும் கிடையாது. பண்ணை ஆட்களுக்கும் ஊர்க் கொல்லர்களுக்கும் அவரே பயிற்சி கொடுத்தார். நிலக்கரிக்குப் பதிலாகச் சதுப்பு நிலத்துக் கரிமண்ணையே உலையில் எரித்தார். நீராவி எந்திரத்தால் ஓடும் மெருகேற்றும் பொறியை 1820-களின் இறுதியிலேயே அமைத்துவிட்டார். 36 அங்குல ஆடியில் கை பழகியபின் 72 அங்குலத்துக்குப் போனார்.

வார்ப்பில் அவர் செய்த புதுமையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஸ்பெகுலம் விரிசல் விடுவதற்குக் காரணம், வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் உலோகம் பின்னர் சுருங்குவது. ராஸ், அச்சின் அடித்தளத்தை மணலால் செய்யாமல் இரும்புப் பட்டைகளைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கிச் செய்தார். பட்டைகளுக்கு நடுவே உலோகம் ஒழுகாது. ஆனால் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். இரும்பு வெப்பத்தை வேகமாக உறிஞ்சுவதால் ஆடி அடியிலிருந்து மேலாக, அடுக்கடுக்காக இறுகியது. பக்கவாட்டில் மணல். இறுகியதும், செஞ்சூடு ஆறுமுன், முன்கூட்டியே காய்ச்சி வைத்த சூளைக்குள் அதை இழுத்துப்போட்டு மூடிவிட வேண்டும். 1842 ஏப்ரல் 13 அன்று இரவு, மூன்று பெரிய வார்ப்பிரும்பு மூசைகளிலிருந்து ஒரே நேரத்தில் உலோகம் ஊற்றப்பட்டது. ஆடியின் எடை மூன்று டன்னுக்குக் குறையாது. சூளையில் அது பதினாறு வாரம் ஆறியது. மொத்தம் ஐந்து முறை வார்த்ததில் இரண்டு ஆடிகள் தேறின. ஒன்று கருவியில் இருக்கும்போது மற்றொன்று மெருகேறும். ஹெர்ஷல் தம் இருபதடியில் கடைப்பிடித்த அதே முறையை ராஸ் ஆறடி ஆடிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்லவ் கருவிக்கு இல்லாமல் போனது இதுதான்.

அந்த ஆடியின் பரவளையத்துக்கும் சாதாரணக் கோளப் பரப்புக்கும் இடையே ஓரத்தில் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று டன் உலோகத்தில், கோட்டை வளாகத்தில், ஊர்க்காரர்கள் கையால் கிடைத்த துல்லியம் இது. குழாய் ஐம்பதடிக்கு மேல் நீளம். அதற்குள் ஈலி தேவாலயத்தின் தலைமைக் குரு குடையை விரித்தபடி நடந்து போனார் என்று ஒரு செய்தி உண்டு. எழுபதடி நீளமும் ஐம்பதடிக்கு மேல் உயரமும் உள்ள இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே அது சங்கிலிகளில் தொங்கியது. சுவர்கள் வடக்கு தெற்காக நின்றதால் ஒரு பொருள் உச்சக்கோட்டைக் கடக்கும்போது ஒரு மணி நேரம்போலத்தான் பார்க்க முடியும். அதற்குள் மேகம் வந்துவிட்டால் மறுநாள்தான்.

1845 பிப்ரவரியில் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஏப்ரலில் ராஸ் மெஸ்ஸியே 51 என்ற நெபுலாவைப் பார்த்தார். ஜான் ஹெர்ஷல் அதை ஓரிடத்தில் பிளந்த வளையமாக வரைந்திருந்தார். ராஸ் கண்டது நீர்ச்சுழி போலச் சுருண்ட கரங்களை. ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில் அந்த வரைபடம் காட்டப்பட்டது; அந்த ஆண்டின் தலைவர் ஜான் ஹெர்ஷலேதான். அண்டத்தில் சுருள் வடிவம் உண்டு என்பது மனிதருக்குத் தெரிந்தது அப்போது. இன்று ஒளிப்படத்தோடு வைத்துப் பார்த்தால், பென்சிலால் இரவில் வரைந்த அந்தப் படத்தின் நேர்மை வியக்க வைக்கிறது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அயர்லாந்தின் பெரும்பஞ்சம் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் தொலைநோக்கி ஏறத்தாழ மூடியே கிடந்தது. ராஸ் நிவாரண வேலையில் இருந்தார். பிறகு, சம்பளத்துக்கு அமர்த்திய உதவியாளர்களின் காலம். ராபர்ட் பால் இங்கே வேலை பார்த்தார். 1874-இலிருந்து நான்கு ஆண்டுகள் இருந்த டிரேயர், பின்னர் அர்மா நகரிலிருந்து 1888-இல் 7,840 பொருள்கள் அடங்கிய புதிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் எண்கள் அவை.

பிர் கருவி தவறும் செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஓரியன் நெபுலா நட்சத்திரங்களாகப் பிரிவதைப் பார்த்துவிட்டதாக ராஸும் அவர் நண்பர் ராம்னி ராபின்சனும் நம்பினார்கள். போதிய பெரிய ஆடி இருந்தால் எல்லா நெபுலாக்களும் நட்சத்திரங்களாகப் பிரிந்துவிடும் என்பது ராபின்சனின் உறுதியான எண்ணம். 1864 ஆகஸ்ட் 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ் லண்டனில் தம் வீட்டு எட்டங்குல வில்லைத் தொலைநோக்கியில் நிறமாலைக்காட்டியைப் பொருத்தி டிராக்கோ மண்டலத்து நெபுலா ஒன்றைப் பார்த்தார். தொடர்ச்சியான நிறப்பட்டைக்குப் பதில் தனித்தனி ஒளிக்கோடுகள். அது ஒளிரும் வாயு. எழுபத்திரண்டு அங்குலம் சொல்ல முடியாத பதிலை எட்டங்குலம் சொல்லிவிட்டது.

லிவர்பூலில் பீர் ஆலை நடத்திய வில்லியம் லாசல் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர். பிர் வந்து ராஸின் மெருகுப் பொறியைப் பார்த்தார்; திருப்தியில்லை. பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித்தோடு சேர்ந்து வேறொன்றைச் செய்தார். 24 அங்குல ஆடியை, வானச் சுழற்சியைப் பின்தொடரும்படி பூமியின் அச்சுக்கு இணையான தாங்கியில் ஏற்றினார். நெப்டியூன் கண்டறியப்பட்ட பதினேழாவது நாள், 1846 அக்டோபர் 10 அன்று, அதன் நிலவான டிரைட்டன் அவர் கண்ணில் பட்டது. 1851-இல் யுரேனஸின் மேலும் இரண்டு நிலவுகள். லிவர்பூலின் புகையைத் தாங்க முடியாமல் கருவியை மால்டாவுக்குக் கொண்டு போனார். 1861-இல் அங்கே 48 அங்குலக் கருவி ஒன்றையும் நிறுவினார். ஆடியும் அவரே செய்தது. பார்த்ததும் பெரும்பாலும் அவரே. ராஸ் ஆடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த 24 அங்குலம். ஆனால் கோள்களின் நிலவுகள் என்று வரும்போது அதன் கண்டுபிடிப்புகள் பிர் கருவியை மிஞ்சிவிட்டன.

மெல்பர்னில் நடந்தது இதற்கு நேர்மாறு. தென்வானத்து நெபுலாக்களை ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையிலிருந்து வரைந்திருந்தார். அவற்றில் மாற்றம் ஏதும் உண்டா என்று பார்க்க ஒரு பெரிய கருவி தெற்கே வேண்டும் என்று ராயல் சொசைட்டி 1850-களில் குழு அமைத்தது. தங்கம் கொழித்த விக்டோரியா குடியேற்றம் பணம் தர முன்வந்தது. டப்ளினின் தாமஸ் க்ரப்பிடம் 48 அங்குலக் கருவி கேட்கப்பட்டது. க்ரப் தேர்ந்த பொறியாளர். ராஸின் ஆடி தன் எடையாலேயே வளையாமலிருக்க வைத்த நெம்புகோல் தாங்கிகள் அவர் கொடுத்த யோசனை. குழுவில் மூத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்த முடிவு: ஸ்பெகுலமே இருக்கட்டும்.

அப்போது வேறு வழி இருந்தது. வேதியியலாளர் லீபிக் கண்ணாடியின்மேல் வேதிமுறையில் வெள்ளி பூசும் வழியைச் சொல்லியிருந்தார்; அதைக் கொண்டு ஸ்டைன்ஹைல் 1856-இலும் ஃபூக்கோ 1857-இலும் கண்ணாடியில் ஆடி செய்து வெள்ளி பூசிக் காட்டியிருந்தார்கள். ஆடியின் குவியத்தில் ஒரு கத்தி முனையை நகர்த்தி, பரப்பின் பிழைகளை மேடுபள்ளமாகக் கண்ணால் பார்க்கும் சோதனையையும் ஃபூக்கோ கொடுத்துவிட்டார். ஹெர்ஷலின் கைக்கு மட்டுமே தெரிந்திருந்தது இனி எவர் கண்ணுக்கும் தெரியும். 1864-இல் மார்செயில் 80 சென்டிமீட்டர் கண்ணாடி ஆடி வேலைக்கு வந்துவிட்டது. ஆனால் நான்கடிக் கண்ணாடியில் வெள்ளி பூசி எவரும் அதுவரை பார்த்ததில்லை; கடல் கடந்த ஊரில் மெல்லிய வெள்ளிப் படலத்தை யார் காப்பார்கள் என்று ராபின்சன் போன்றவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதே கேள்வியை ஸ்பெகுலத்தைப் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் குழுவில் இருந்த ராஸுக்கும் லாசலுக்கும் மங்கிய ஆடியை மெருகேற்றுவது அன்றாட வேலை.

இரண்டு ஆடிகள் டப்ளினில் வார்க்கப்பட்டன. பயணத்தில் மங்காமலிருக்க அரக்குப் பூச்சு பூசி 1868-இல் கப்பலேற்றினார்கள். மெல்பர்னில் அந்தப் பூச்சைக் களைந்தபோதே பரப்பு கெட்டது. 1869-இல் வேலை தொடங்கியது. கருவியைக் கவனித்துக்கொள்ள வந்த ஆல்பர்ட் லெ சூயர் அடுத்த ஆண்டே விலகிவிட்டார். பின்னலாகச் செய்த திறந்த குழாயைக் காற்று ஆட்டியது. ஆடி மங்கியது. மெருகேற்றும் எந்திரம் கருவியோடு வந்திருந்தது. அதை ஓட்டும் கை டப்ளினில் இருந்தது. ஆய்வகத்தின் இயக்குநர் எல்லரி உழைப்புக்கு அஞ்சாதவர். ஆனால் பதினாறு மணி நேரம் ஆடியைவிட்டு நகராமல் இருபது ஆண்டு பழகிய கையை எந்திரத்தோடு பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. இன்னொரு குறையும் சேர்ந்தது. கருவியின் குவியத் தூரம் மிக நீளம். பிம்பம் பெரிதாகி மங்கலாகும். நிலவை நன்றாகப் படமெடுத்தார்கள். நெபுலாவைப் படமெடுக்க இயலவில்லை. கையால் வரைந்து ஒப்பிடும் திட்டத்தை ஒளிப்படக் காலம் பழையதாக்கிவிட்டது.

மெல்பர்ன் கருவியின் தோல்வி வானியல் கருவிகளின் வரலாற்றில் நேர்ந்த பெரும் கேடுகளில் ஒன்று என்று, பின்னாளில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் ஆடிகளைச் செய்த ஜார்ஜ் ரிட்சி 1904-இல் எழுதினார். பெரிய ஆடிகளின்மேல் அவநம்பிக்கை பரவி, வளர்ச்சி ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு காலம் தடைபட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த இடைவெளியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ராட்சத வில்லைத் தொலைநோக்கிகளில் பணத்தைக் கொட்டியது உண்மை. ஆனால் அவநம்பிக்கைக்கு முழுப் பழியையும் மெல்பர்ன்மேல் போடுவது மிகை என்றே கருதுகிறேன். கண்ணாடி ஆடிகள் இந்தக் காலத்திலும் தனி மனிதர்களின் தோட்டங்களில் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. லண்டனையொட்டிய ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் 1883-இல் 36 அங்குலக் கண்ணாடி ஆடியில் எடுத்த ஓரியன் நெபுலாவின் படம், கண்ணால் பார்க்க முடியாத நட்சத்திரங்களையும் பதிவு செய்தது. அதே கருவி கைமாறி 1895-இல் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே ஜேம்ஸ் கீலர் 1898 முதல், 1900-இல் தம் 42-ஆம் வயதில் இறக்கும்வரை, அதில் படமெடுத்துச் சுருள் நெபுலாக்கள் வானமெங்கும் மலிந்திருப்பதைக் காட்டினார். ராஸ் கண்டது அபூர்வம் அல்ல என்று தெளிந்தது.

வெள்ளியும் மங்கும், ஸ்பெகுலத்தைவிட வேகமாகவே மங்கும். ஆனால் மங்கிய வெள்ளியை அமிலத்தால் கழுவிவிட்டுப் புதுப் படலம் ஏற்றினால் போதும். அடியில் இருக்கும் கண்ணாடியின் வடிவத்தை எவரும் தொடுவதில்லை. புதிய வெள்ளி விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். வடிவத்தை ஒருவர் ஒருமுறை செய்துவிட்டால் போதும். பளபளப்பை ஆய்வகத்தில் யாரும் காப்பாற்றலாம். இந்த இரண்டையும் பிரித்ததுதான் கண்ணாடி செய்த பெரிய காரியம். எடைக் குறைவும் ஒளி மிகுதியும் அதற்குப் பிறகுதான்.

ரிட்சி வார்ப்புக் காலத்தின் குணத்தைக் கண்ணாடிக் காலத்துக்குக் கொண்டுவந்தவர். மவுண்ட் வில்சனில் 1908-இல் வேலைக்கு வந்த 60 அங்குல ஆடியை அவரே வடிவமைத்து மெருகேற்றினார். அதில் நெபுலாக்களை அவரே படமெடுத்தார். அடுத்து 100 அங்குல ஆடியையும் அவர்தான் ஆண்டுக்கணக்கில் தேய்த்து முடித்தார். 1917 நவம்பரில் அது வானத்தைப் பார்த்தபோதுதான் ராஸின் 72 அங்குலம் உலகின் மிகப் பெரியது என்ற இடத்தை இழந்தது. இயக்குநர் ஹேலோடு மனக்கசப்பு முற்றி 1919-இல் ரிட்சி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆடி அங்கேயே இருந்தது. ஆய்வகத்து ஆட்கள் அதன் வெள்ளியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே மவுண்ட் வில்சனுக்கு வேலைக்கு வந்த எட்வின் ஹப்பிள், 1923 அக்டோபரில் அதே ஆடியில் எடுத்த ஒரு தட்டில் ஆந்திரோமீடா நெபுலாவுக்குள் ஒரு செபீட் மாறொளி நட்சத்திரத்தைக் கண்டார். அதை வைத்துக் கணித்த நெபுலாவின் தூரம் நம் பால்வீதிக்கு வெகு வெளியே போனது.